அம்மாவும் அம்மையாரும்: சியம் ரீப் நாட்குறிப்பு

முதல் நாள்

பாங்காக்கில் விமானம் மாறி கம்போடியாவின் சியம் ரீப்பில் இறங்கும்போது மதியம் இரண்டரை. 2023 அக்டோபரில் திறந்த புது விமான நிலையம் இது. ஊருக்குள் போக நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். வழி நெடுகிலும் அறுவடை முடிந்த வயல், வரப்பில் ஒற்றைப் பனை, அடுத்த வரப்பில் இன்னொன்று. அம்மா கார் கண்ணாடியை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை.

"என்னடி இது, திருநள்ளாறு போற ரோடு மாதிரியே இருக்கு."

தமிழ்நாட்டுக்குப் பனை மாநில மரம் என்றால் கம்போடியாவுக்கு அது தேசிய மரம். இதைச் சொன்னதும் அம்மா எண்ண ஆரம்பித்து, ஊர் வருவதற்குள் எண்ணிக்கையை விட்டுவிட்டார்.

எதற்காக இந்தப் பயணம் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். நாங்கள் காரைக்கால்காரர்கள். அம்மாவுக்கு 71 வயது. அவருடைய தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்தில் வியட்நாமின் சைகோனில் சுங்கத்துறை எழுத்தராக இருந்தவர். வீட்டில் இன்றைக்கும் 'சைகோன் தாத்தா' என்றுதான் பேச்சு. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து அந்தக் காலத்தில் அப்படிக் கப்பலேறிப் போன குடும்பங்கள் நிறைய. சிப்பி பதித்த ஒரு மரப்பெட்டியும், அங்கோர் வாட் படம் போட்ட ஒரு தபால் அட்டையும் தாத்தா விட்டுப்போனவை. அட்டையை அனுப்பினாரே தவிர, அந்தக் கோயிலை அவர் பார்த்ததில்லை. எழுத்தர் சம்பளத்தில் சைகோனிலிருந்து இவ்வளவு தூரம் வந்து தங்கிப் பார்ப்பது நடக்கிற காரியமாக இருந்திருக்காது.

இரண்டாவது காரணம் காரைக்கால் அம்மையார். அதை நான்காம் நாளில் எழுதுகிறேன்.

தங்கியிருப்பது ராஃபிள்ஸ் கிராண்ட் ஹோட்டல் தாங்கோர். 1932-இல் திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பாரிஸில் நடந்த காலனியக் கண்காட்சியில் அங்கோர் வாட்டின் நடுப்பகுதியை அதே அளவில் கட்டிக் காட்டினார்கள். அதைப் பார்த்து ஆசைப்பட்டுக் கப்பலில் வருகிற ஐரோப்பியர்கள் இறங்கிக்கொள்ள, காட்டோரத்தில் இப்படி ஒரு மாளிகை. வெண்ணெய் நிறச் சுவர், உயரமான கூரை, முகப்புக்கு எதிரே நூல் பிடித்தாற்போல் வெட்டிய பிரெஞ்சுத் தோட்டம். உள்ளே நுழைந்ததும் கறுப்பு வெள்ளைத் தரை. நடுவில் மரமும் இரும்பும் சேர்த்துச் செய்த பழைய கூண்டு லிஃப்ட், இன்றும் ஓடுகிறது.

லிஃப்ட் கதவின் கம்பியைப் பிடித்தபடி அம்மா கொஞ்ச நேரம் நின்றார். "தாத்தா இங்க வந்திருந்தா பின்பக்கமாத்தான் வந்திருக்கணும், இல்ல?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. வரவேற்பில் இருந்த பெண் இரண்டு கைகளையும் கூப்பி, கம்போடிய முறைப்படி தலை தாழ்த்தி அம்மாவை வணங்கினாள். அம்மாவும் கும்பிட்டார். முன்வாசல் வழியாகத்தான் உள்ளே போனோம்.

மாலையில் எதிரே இருக்கும் அரச தோட்டத்துக்கு நடந்தோம். பெரிய மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. பக்கத்தில் பிரே ஆங் செக், பிரே ஆங் சோம் என்று இரண்டு புத்தர்கள் நிற்கும் சிறு சன்னதி. ஊர்க்காரர்களுக்கு இதுதான் குறை சொல்லி நேர்ந்துகொள்கிற இடம் போலிருக்கிறது. தாமரை மொட்டின் இதழ்களை உள்பக்கமாக மடித்துக் கொடுக்கிறார்கள். ஊதுவத்திப் புகையில் கண் எரிந்தது. அம்மா ஒரு தாமரை வாங்கி வைத்துவிட்டு, "எந்த ஊருக்குப் போனாலும் முதல்ல அந்த ஊர் சாமிகிட்ட சொல்லிட்டுத்தான் மத்த வேலை" என்றார்.

இரண்டாம் நாள்

காலை நாலேமுக்காலுக்கு ஹோட்டலை விட்டுக் கிளம்பினோம். வாசலில் தொடங்கும் சாலைக்கு இன்னும் சார்ல் தெகோல் பெயர்தான். அது நேரே வடக்கே காட்டுக்குள் போய் அங்கோர் வாட்டின் அகழியில் முட்டுகிறது. மூன்று நாள் அனுமதிச் சீட்டு 62 டாலர், நம் படத்தை அங்கேயே எடுத்து அதில் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. புடவையில் வந்த அம்மாவுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

அகழி 190 மீட்டர் அகலம். இருட்டில் அதைத் தாண்டும்போது குளமா, ஏரியா என்று தெரியவில்லை. உள்ளே எல்லோரும் இடப்பக்கக் குளத்தை நோக்கி ஓடினார்கள், சூரிய உதயத்தில் கோபுரங்களின் நிழல் தண்ணீரில் விழும் படத்துக்காக. நாங்கள் போகவில்லை. மேற்கு வாயில் மண்டபத்துக்குள்ளேயே எட்டுக் கைகளோடு ஒரு பெருமாள் நின்றுகொண்டிருந்தார். மஞ்சள் பட்டுச் சாத்தி, காலடியில் வாழைப்பழமும் ஊதுவத்தியும். இங்கே அவர் பெயர் தா ரீச், அரசத் தாத்தா என்று பொருள். கோயில் பௌத்தமாகி எத்தனையோ நூற்றாண்டு ஆன பிறகும் வாசலில் நிற்கும் விஷ்ணுவுக்கு ஊர்க்காரர்கள் படைப்பதை நிறுத்தவில்லை. இன்றைக்கு நான் பார்த்ததில் மனதில் அப்படியே நிற்பது இதுதான்.

இரண்டாம் சூரியவர்மன் 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் விஷ்ணுவுக்காகக் கட்டியது. வாசல் மேற்கே பார்த்திருக்கிறது. முதல் திருச்சுற்றின் சுவர் முழுக்கப் புடைப்புச் சிற்பம். வழிகாட்டி எங்களை வலப்பக்கம் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார். முதலில் குருக்ஷேத்திரம். ஒரு பக்கம் கௌரவர், மறுபக்கம் பாண்டவர், நடுவில் ஆளும் யானையும் தேரும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கியடிக்கிற யுத்தம். ஓரிடத்தில் பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடக்கிறார். அம்மா அவரை உடனே கண்டுபிடித்துவிட்டார். அடுத்தது சூரியவர்மன் தன் படையோடு போகும் ஊர்வலம். அதற்கடுத்தது எமலோகம். எருமை மேல் பல கைகளோடு எமன், கணக்குச் சொல்லும் சித்திரகுப்தன், மேலே சொர்க்கம், கீழே ஒவ்வொரு பாவத்துக்கும் ஒவ்வொரு நரகம்.

அந்த நரகங்களின் முன்னால் அம்மா சட்டென்று நின்றார்.

"நாம இடப்பக்கமா சுத்திக்கிட்டு வரோமே. கோயில்ல யாராவது இப்படிச் சுத்துவாங்களா?"

நான் கவனிக்கவே இல்லை. கர்ப்பகிருகம் எங்களுக்கு இடக்கைப் பக்கம் இருந்தது. அப்பிரதட்சிணம். நம் ஊரில் சாவுச் சடங்கில் மட்டும் சுற்றும் திசை. வழிகாட்டியிடம் கேட்டபோது, சிற்பக் கதைகளின் வரிசையே இந்தத் திசையில்தான் போகிறது என்றார். வாசல் மேற்கு நோக்கி இருப்பதையும் இதையும் சேர்த்து, இது அரசனின் இறப்புக்குப் பிந்தைய கோயில் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இறந்த பின் சூரியவர்மனுக்குச் சூட்டிய பெயர் பரமவிஷ்ணுலோகன். அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, மீதிச் சுற்றை மெதுவாக நடந்தார்.

கிழக்குப் பக்கம் வந்ததும் பாற்கடல். 49 மீட்டர் நீளச் சுவர். ஒரு பக்கம் 88 தேவர்கள், மறுபக்கம் 92 அசுரர்கள், வாசுகியைப் பிடித்து இழுக்கிறார்கள். நடுவில் விஷ்ணு, கீழே ஆமை. கடையும் இடத்துக்குப் பக்கத்தில் மீனும் முதலையும் துண்டுதுண்டாகச் சிதறுகின்றன, மேலே அப்சரஸ்கள் நுரையிலிருந்து கிளம்புகிறார்கள். சிற்பம் முழுக்க ஒரே தாளம். இழுக்கும் கால்கள் ஒரே சாய்வு, ஒரே மடிப்பு. நம் ஊர்த் தேர்வடம் பிடிக்கிறவர்களின் கால்களை நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் தளத்துக்கு ஏறும் படி மிகச் செங்குத்து. அம்மா கீழே உட்கார்ந்துகொண்டார். "நீ போயிட்டு வா, எனக்குச் சேர்த்துப் பாரு." மேலே, நடுக் கோபுரத்தில் விஷ்ணு இருந்த அறையின் வாசல்களை அடைத்துப் புத்தரைச் செதுக்கியிருக்கிறார்கள். கீழே காடு, அதற்குள் அகழியின் நீலக் கோடு.

இந்தக் கோயில் காட்டுக்குள் தொலைந்து கிடந்ததாகவும், 1860-இல் ஆன்ரி மூஓ என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்ததாகவும் எத்தனையோ பயணப் பிரசுரங்களில் படித்திருக்கிறேன். அது சரியில்லை. அவர் வந்தபோது இங்கே பிக்குகள் குடியிருந்தார்கள். 1632-இல் ஜப்பானிலிருந்து யாத்திரை வந்தவர் ஒருவர் தூணில் மையால் எழுதிவைத்துப் போயிருக்கிறார், எங்கள் ஹோட்டல் திறப்பதற்குச் சரியாக முந்நூறு ஆண்டுகளுக்கு முன். தா ரீச்சுக்கு யாரோ ஒருவர் எப்போதும் வாழைப்பழம் வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வழிபடுகிற சனங்கள் இருக்கும்போது ஒரு கோயிலைத் 'தொலைந்தது' என்று சொல்வது அந்தச் சனங்களைக் கணக்கில் சேர்க்காத பேச்சு. எனக்கு அதில் கோபம் உண்டு.

மூன்றாம் நாள்

அம்மாவுக்குக் கால் வலி. எட்டு மணிக்கு மேல்தான் கிளம்பினோம். அதனால் பாயோன் கோயிலில் அதிக நேரம் இல்லை. ஏழாம் ஜெயவர்மன் கட்டிய கோபுரங்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்மூடிச் சிரிக்கும் பெரிய முகங்கள். எனக்கு அந்த முகங்களைவிட வெளிச்சுவர்ச் சிற்பம்தான் பிடித்தது. சேவல் சண்டை, மீன் சந்தை, அடுப்படி, பிள்ளைப்பேறு. அரசனின் கோயிலில் சாதாரணச் சனங்களுக்கு இவ்வளவு இடம்.

தா புரோம் வேறு மாதிரி. 1186-இல் ஜெயவர்மன் தன் தாய்க்காகக் கட்டியது. கல்லைக் கவ்விக்கொண்டு இறங்கும் வேர்களைப் படத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு வேர் ஆள் உயரத்துக்குத் தடிமன். மரத்தை வெட்டினால் சுவர் சரியும், விட்டாலும் சரியும். இந்தச் சிக்கலோடு இங்கே சீரமைப்பு வேலை செய்தது இந்தியத் தொல்லியல் துறை. அறிவிப்புப் பலகையில் அசோகச் சின்னத்தைப் பார்த்ததும் அம்மா அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்கச் சொன்னார். அங்கோர் வாட்டிலும் 1986 முதல் 1993 வரை, வேறு நாட்டார் வரத் தயங்கிய காலத்தில் நம் ஆட்கள் வேலை பார்த்திருக்கிறார்கள்.

இந்தக் கோயிலின் கல்வெட்டில் கணக்கு இருக்கிறது. உள்ளே இருந்தவர்கள் 12,640 பேர், அவர்களில் ஆடல் மகளிர் 615. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர், ஒவ்வொருவர் பெயரும் வீட்டு வரிசையும் கல்லில் உண்டு. இங்கே கல் மண்டபத்தின் மேலே வரிசையாக ஆடும் பெண்கள் மட்டும் இருக்கிறார்கள்.

வெளியே வரும் பாதையில், கண்ணிவெடியில் கால் இழந்தவர்கள் சிலர் பாய் விரித்து உட்கார்ந்து இசைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய செயற்கைக் கால் பக்கத்தில் மரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அம்மா வெகுநேரம் கேட்டார். இங்கே ஐம்பது வயது தாண்டிய எவரைப் பார்த்தாலும், கெமர் ரூஜ் கொடுங்கோல் ஆட்சி நடந்த 1975 முதல் 1979 வரை இவர் எங்கே இருந்திருப்பார் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. யாரிடமும் கேட்கவில்லை.

பிற்பகல் முழுக்க ஹோட்டலில். நீச்சல் குளம் 35 மீட்டர் நீளம். அங்கோரை ஆண்ட பழைய கெமர் அரசர்களின் நீராட்டுக் குளங்களை மனதில் வைத்துக் கட்டியதாம். அம்மா ஓரத்தில் பிரம்பு நாற்காலியில், காலைத் தண்ணீரில் விட்டபடி உட்கார்ந்திருந்தார். பணியாளர் ஒருவர் கேட்காமலே இஞ்சி, எலுமிச்சம்புல் போட்ட சூடான பானம் கொண்டுவந்து வைத்தார். மீன் கருவாடு எதுவும் சேராத 'அமோக்', வாழையிலைக் கிண்ணத்தில், இரவு அம்மாவுக்காகத் தனியாகச் செய்து தந்தார்கள். தேங்காய்ப் பாலும் மஞ்சளும் எலுமிச்சம்புல்லும் மணந்தது. "மோர்க்குழம்புக்குத் தங்கச்சி மாதிரி இருக்கு" என்று சொல்லி முழுவதும் சாப்பிட்டார்.

இந்த வசதி மனதுக்கு இதமாக இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. அதே நேரத்தில் அந்தக் கூண்டு லிஃப்டில் ஏறும்போதெல்லாம் சைகோன் தாத்தாவும் கூடவே ஏறுகிறார். இந்தக் கட்டடம் எழும்பிய அதே ஆண்டுகளில், அதே ஆட்சியின் சுங்கக் கணக்கைத்தான் அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள்

இன்றைக்குத்தான் அம்மா வந்த காரியம்.

காலை ஆறரைக்குக் காரில் பந்தேய் ஸ்ரெய் கோயிலுக்கு. ஸ்ரெய் என்றால் பெண். நம் 'ஸ்திரீ'தான் அப்படி ஆகியிருக்கிறது. ஊரிலிருந்து ஒரு மணி நேரம். வழியில் பிரே தாக் என்ற கிராமத்தில் சாலையோரமெல்லாம் பெரிய இரும்புச் சட்டியில் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிய அம்மா, துடுப்பை வாங்கித் தானே கிண்ட ஆரம்பித்தார். கிண்டிய பெண்மணிக்கும் அம்மாவுக்கும் பொது மொழி ஒன்றும் கிடையாது. ஆனாலும் பாகு பதத்தை விரலில் உருட்டிப் பார்த்து இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். பனையோலைக் குழாயில் அடுக்கிய கருப்பட்டி வில்லைகள் நாலு வாங்கினோம். பக்கத்துக் கடையில் ஒரு மாங்காயும் வாங்கினார். கடைக்காரி நறுக்கி மிளகாய் உப்பு தூவித் தர வந்தாள். அம்மா வேண்டாம் என்று கையசைத்து முழுசாகவே வாங்கிப் பைக்குள் வைத்தார். எதற்கு என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை.

பந்தேய் ஸ்ரெய் சின்னக் கோயில். 967-இல் குடமுழுக்கு ஆனது. கட்டியவன் அரசன் அல்ல, யக்ஞவராகன் என்ற அந்தணர், அரசனின் ஆசான். இளஞ்சிவப்பு மணற்கல். உள் கோபுரங்கள் பத்து மீட்டரைத் தாண்டாது, வாசலோ குனிந்தால்தான் நுழைய முடிகிற உயரம். ஆனால் ஒரு சாண் இடம் கூடச் செதுக்காமல் விடவில்லை. கைலையை அசைக்கும் ராவணன், அவன் தலைக்கு மேல் பயந்து சிதறும் கணங்கள், அசையாமல் காலால் அழுத்தும் சிவன். மன்மதன் கரும்பு வில்லை நீட்டுகிற காட்சி. காண்டவ வனத்தின் மேல் கோடுகோடாக இறங்கும் மழை. மரத்தில் செதுக்கினால் வருகிற நுணுக்கம் கல்லில்.

1923-இல் ஆந்த்ரே மால்ரோ என்ற இளைஞர், பின்னாளில் பிரான்ஸின் பண்பாட்டு அமைச்சரானவர், இங்கிருந்து தேவதைச் சிற்பங்களை அறுத்தெடுத்துப் போய் நோம்பென்னில் பிடிபட்டார். கற்கள் திரும்பி வந்துவிட்டன. 1931-இல் ஆன்ரி மார்ஷால் என்ற பிரெஞ்சு நிபுணர் விழுந்து கிடந்த கற்களை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் பொருத்தும் வேலையைத் தொடங்கினார். இன்று நாம் பார்ப்பது அப்படிக் கோத்தெடுத்த கோயில்.

உள் திருச்சுற்றின் கிழக்கு வாயில். நெற்றிப் பலகையில் பத்துக் கைகளோடு சிவன் ஆடுகிறார். காலடியில் ஓர் உருவம் உட்கார்ந்திருக்கிறது. வற்றித் தொங்கும் மார்பு, எலும்பு தெரியும் உடம்பு. காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காணும் சிற்பம் அது.

அம்மையாரின் கதை தெரியாதவர்களுக்காக: புனிதவதி, காரைக்கால் வணிகர் வீட்டுப் பெண். கணவன் அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைச் சிவனடியாருக்குப் படைத்துவிட்டாள். கணவன் இரண்டாவதையும் கேட்டபோது இறைவனிடம் வேண்டி ஒரு கனியைப் பெற்றுக் கொடுத்தாள். கண்டு அஞ்சிய கணவன் பிரிந்து போனான். இனி இந்த அழகு எதற்கு என்று பேய் வடிவம் கேட்டு வாங்கினாள். கயிலைக்குக் காலால் நடக்கக் கூடாதென்று தலையால் நடந்து போனவளைச் சிவன் 'அம்மையே' என்று அழைத்தார். ஆலங்காட்டில் அவன் ஆட்டத்தைக் காலடியிலிருந்து பார்த்துப் பாடிக்கொண்டிருக்கும் வரம் பெற்றாள்.

இந்தக் கதையைச் சேக்கிழார் விரித்துப் பாடியது 12-ஆம் நூற்றாண்டில். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லான் காலடியில் அம்மையாரைச் செதுக்கியது 11-ஆம் நூற்றாண்டில். இந்தக் கல்லோ அவற்றுக்கு முந்தியது. எங்கள் ஊர்ப் பெண் அவ்வளவு முன்னாலேயே கடல் கடந்து, இந்தக் காட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். யார் கொண்டுவந்தார்கள், வணிகரா, சிவாச்சாரியாரா? கல்லில் பெயர் இல்லை.

அம்மா கயிற்றுத் தடுப்புக்கு இப்பால் நின்று அண்ணாந்து பார்த்தார். எங்களைச் சுற்றிக் கூட்டம் வந்தது, படமெடுத்தது, நகர்ந்தது. அம்மா நகரவில்லை. வாய் மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. பிறகு பையிலிருந்து மாங்காயை எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, மேலே காட்டி, சற்று நேரம் அப்படியே நின்றார். ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழாவுக்கு எங்கள் தெருவில் பிட்சாடனர் வரும்போது மாடியிலிருந்து மாம்பழம் இறைப்போம். சின்ன வயதில் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து நானும் இறைத்திருக்கிறேன். அந்த ஞாபகத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது.

பெருக்கிக்கொண்டிருந்த பெண்மணி துடைப்பத்தை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா சிற்பத்தைக் காட்டினார், பிறகு தன் நெஞ்சைத் தொட்டார். "எங்க ஊரு" என்றார், தமிழில். அந்தப் பெண்மணி சிற்பத்தை ஒருமுறை, அம்மாவை ஒருமுறை பார்த்து, கைகூப்பினார்.

வண்டிக்குத் திரும்பியதும் ஓட்டுநரிடம் கத்தி வாங்கி மாங்காயை மூன்றாக நறுக்கினார் அம்மா. "பிரசாதம், எடுத்துக்கப்பா." அவர் நான்கு நாளாக அம்மாவை 'யேய்', அதாவது பாட்டி, என்றுதான் கூப்பிடுகிறார். "அர்குன், யேய்" என்று நன்றி சொல்லி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். பல் கூசும் புளிப்பு. கொட்டையில் ஒட்டியிருந்ததை அம்மா எனக்குக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள்

விமானம் மாலையில். காலையில் எங்கும் போகவில்லை. அம்மா ஹோட்டலின் முன் வராந்தாவில் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெட்டி கட்டினேன். கருப்பட்டிக் குழாய்களைப் புடவை மடிப்புக்குள் சொருகினேன், உடையாமல் இருக்க.

கீழே வந்தபோது அம்மாவின் கையில் தபால் அட்டை இருந்தது. அங்கோர் வாட் படம், தாத்தா அனுப்பியது போலவே, ஆனால் வண்ணத்தில். வரவேற்பில் பேனா வாங்கி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுதிக்கொண்டிருந்தார். முகவரி எங்கள் வீட்டுக்கு இல்லை. காரைக்கால் பாரதியார் வீதியில் அம்மையார் கோயில் குருக்களுக்கு.

"வீட்டுக்கு எழுதலையா?"

"வீட்டுக்கு நேர்ல போய்ச் சொல்லிக்கலாம்."

தபால்தலை ஒட்டித் தருவதாகச் சொல்லி அந்த வரவேற்புப் பெண் அட்டையை வாங்கிக்கொண்டாள். அவள் கைக்குப் போகும் முன் நான் படித்துவிட்டேன். நான்கே வரி. வந்த தேதி, கோயில் பெயர், அம்மாவின் கையெழுத்து. நடுவில்: "அம்மையாரைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறார்."